பையனைத் திட்டாதீர்கள்

ஒடுகத்தூரில் வீடு கட்டுகிறவர் டைல்ஸ், குழாய் வாங்க வேலூரில் பெரிய கடைக்குப் போகிறார். நுழைந்ததுமே டி-ஷர்ட் போட்ட ஒரு பையன் ஒட்டிக்கொள்கிறான். 'அது வேணாம் சார், இதை எடுங்க. ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்!' எரிச்சலில் அவனிடம் சிடுசிடுக்கிறோம். முதலாளி ஏ.ஸி. அறையில் சௌக்கியமாக இருக்கிறார்.

பல கடைகளில் அந்தப் பையன் கடை ஊழியரே இல்லை. ஒரு கம்பெனி தன் சரக்கைத் தள்ளுவதற்கென்றே நிறுத்திய ஆள். டார்கெட் முடியாவிட்டால் இன்சென்டிவ் போச்சு. அவன் 'நல்ல சரக்கு' என்றால் 'எங்க கம்பெனி சரக்கு' என்று அர்த்தம். (கடைக்காரர் இதை நம்மிடம் சொல்ல மாட்டார்.) நாளெல்லாம் நிற்கிற கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரச் சொல்லி 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது!

ஆகவே, சண்டையை மேனேஜரிடம் போடுங்கள். 'இவர் எந்தக் கம்பெனி ஆள்? மத்த பிராண்ட் என்ன விலை?' என்று கேளுங்கள். பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' போர்டுக்கு மிரள வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள் (கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள்) திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று கடையிலேயே படித்துவிடுங்கள்.