கிளட்ச் போச்சு என்று சொல்லும் முன்

"கிளட்ச் போச்சு சார், மாத்திடலாம்." வண்டி கொஞ்சம் இழுக்கவில்லை என்றால் பட்டறையில் முதலில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். விசாரணை இல்லாமல் தீர்ப்பு எதற்கு என்பது என் கேள்வி. கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்கவே கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உதிரிபாகத்துக்கும் காத்திருக்க வேண்டும், பணமும் பல மடங்கு.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். கோப்பையில் விரிசல் இருக்கிறதா என்று யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை. விரலால் சுண்டுவார்கள். நல்லது 'ணங்' என்னும்; விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். கையால் கியர் போடும் காரின் கிளட்சையும் இப்படிச் சுண்டிப் பார்க்கலாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், இன்ஜின் சூடான பிறகு, நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம். அளவில் ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள்ளும் வேக முள்ளும் கைகோத்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. ஆர்.பி.எம். மட்டும் விருட்டென்று தாவி, வேகம் ஏறாமல் நின்றால் வழுக்குகிறது. கருகல் வாடையும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு தடவை, இரண்டு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும்.

சின்ன இன்ஜின் காரில் தேய்ந்த கிளட்ச் பல மாதம் தெரியாமல் ஓடும். ஸ்போர்ட்ஸ் காரின் முறுக்குவிசை அதிகம் என்பதால் அது சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்கும் இடம்தான் கவலை. உளுந்தூர்பேட்டை சாலையில் கரும்பு டிராக்டரை முந்த ஏறும்போது, எதிரே பஸ் வரும் நேரத்தில், இன்ஜின் அலறி வண்டி நகராமல் நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் இது வெறும் செலவுக் கணக்கு இல்லை என்கிறேன்.

வழுக்குவது உறுதியானாலும் பிளேட்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம். கேபிள் கிளட்ச் என்றால் பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் புது பிளேட்டும் வழுக்கும். கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடலாம். ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் வழுக்கும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அதே செலவு மறுபடியும் வரும். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்றால் அது நேர் எதிரான நோய்: கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பெடலை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் முதலில் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

இன்ஜினின் சக்தியைக் கூட்டிவிட்டு, 'கிளட்ச் தாங்கவில்லை, செராமிக் கிளட்ச் போடலாமா' என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செராமிக் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாசம் வரும். இது நம் கோப்பை ஜாதி இல்லை. உலோகத் தூளோடு செராமிக் தூளைச் சேர்த்து அழுத்திச் சுட்டது. சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது, வெடுக்கென்று பிடிக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அது பொருந்தும். கடைவீதி நெரிசலில் ஊர்ந்து போக வேண்டிய காருக்கு அது தண்டனை.

கடைசியாக, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் பட்டிருக்கிறதா, சூட்டில் கருத்திருக்கிறதா? தேய்மானம் என்றால் அதன் ஆயுள் முடிந்தது. எண்ணெய் என்றால் சீலைத் தேடுங்கள். கருகல் என்றால், ரயில்வே கேட்டில் அரை கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் கால் யாருடையது என்று வீட்டில் விசாரியுங்கள்.