மூளைக்குள் ஒரு கொப்புளம்

"இப்படியொரு தலைவலி என் ஆயுசில் வந்ததில்லை" என்று ஒருவர் சொன்னால், வலி மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொல்வது ஆபத்து. ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறும் அந்த வலி, மூளையின் அடிப்பகுதியில் ரத்தக் குழாய் ஒன்று வெடித்துவிட்டதன் அறிவிப்பாக இருக்கலாம்.

சைக்கிள் ட்யூப் நைந்த இடத்தில் புடைத்துக்கொள்ளுமே, ஏறக்குறைய அதுதான் இங்கேயும். தமனியின் சுவர் பலவீனமான இடத்தில் ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் பை போல வீங்குகிறது. டாக்டர்கள் வைத்த பெயர் அனியூரிசம். நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும். பலர் அது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். வெடித்தால் மூன்றில் ஒருவராவது பிழைப்பதில்லை.

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் மூளை, இதயம் என்றால் பலர் பார்ப்பது திருவனந்தபுரம் பக்கம்தான். அங்கிருக்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் கொடுத்த கட்டடத்தில் உருவானது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது.

சாதாரண அனியூரிசத்துக்கு இரண்டு வழிகள். மண்டையோட்டைத் திறந்து பையின் கழுத்தில் கிளிப் மாட்டுவது பழைய வழி. 1937-ல் அமெரிக்க நிபுணர் வால்டர் டாண்டி இதைத் தொடங்கிவைத்தார். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பைக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி அடைப்பது 1990-களில் பரவிய வழி. இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியான சர்வதேச ஆய்வில், ஓராண்டுக்குப் பின் இறந்தவர்களோ பிறர் உதவியில் வாழ்பவர்களோ சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம்.

ஆனால் எல்லா அனியூரிசமும் கழுத்தோடு வருவதில்லை. சில 25 மில்லி மீட்டரைத் தாண்டிய பூதங்கள். சில கதிர் போலக் குழாயையே சுற்றிலும் வீங்க வைப்பவை. இன்னும் சில, மெல்லிய தோல் போர்த்திய சிறு கொப்புளங்கள். கிளிப் பட்டாலே கிழியும். இந்த அபூர்வ ரகங்களில் கிளிப்புக்குப் பிடி கிடைக்காது, சுருள் நிற்காது. எனவே சில நேரம் குழாயையே மூடிவிட்டு, தலைத் தோலின் தமனியையோ காலிலிருந்து எடுத்த சிரையையோ ஒட்டி மாற்றுப் பாதை போட வேண்டியிருக்கும். மூடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. நோயாளி விழித்திருக்கும்போதே கழுத்துத் தமனியை உள்ளிருந்து பலூனால் அடைத்து, "கையைத் தூக்குங்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்பார்கள். கை தளர்ந்தால் பலூன் உடனே சுருங்கும். மாற்றுப் பாதை இல்லாமல் அந்தக் குழாயை மூட முடியாது என்று அர்த்தம்.

இந்த ரகங்களுக்கென்றே வந்தது ஓட்டத்தைத் திருப்பும் ஸ்டென்ட். அமெரிக்காவில் 2011-ல் அனுமதி பெற்றது. நெருக்கமாகப் பின்னிய இந்த வலைக் குழாய் பையின் வாயை மறைத்துக்கொண்டு படுக்கும். ரத்தம் நேரே போய்விடும். பைக்குள் தேங்கியது மாதக்கணக்கில் உறைந்து அடையும். இதில் சிக்கல், உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும் என்பது. வெடிக்காத அனியூரிசத்துக்கு அது சரி. ஏற்கெனவே ரத்தம் கசிந்த மூளைக்கு உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுப்பதென்றால் எந்த டாக்டருக்கும் தயக்கம் வரும். கொடுக்காவிட்டால் ஸ்டென்ட்டே அடைபட்டு பக்கவாதம் வரலாம்.

விலை இன்னொரு தலைவலி. 2020 நிலவரப்படி இறக்குமதி ஸ்டென்ட் ஒன்று ரூ.7 முதல் 8 லட்சம். அந்த ஆண்டில்தான் ஸ்ரீசித்திரை தானே வடிவமைத்த ஸ்டென்ட்டின் தொழில்நுட்பத்தைப் புனேயின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது. வளைத்தாலும் பழைய உருவுக்குத் திரும்பும் நிட்டினால் உலோகம் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தின் கைவண்ணம்.

இதே நிறுவனம் உருவாக்கிய இதய வால்வில் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவதுதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஸ்டென்ட்டுக்கு 2020-ல் ஒப்பந்தம் போட்டபோது விலங்குகளிடம் சோதனையும் அதன்பின் மனிதர்களிடம் சோதனையும் பாக்கியிருந்தன.