ஜலமில்லாத ஆறா?

சென்ற மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு வேன் நிறைய வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டோம். செங்கற்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் வேன் ஏறியதும், அடுத்த வீட்டு மாமி கீழே எட்டிப் பார்த்தாள்.

"பாலாறாம்! பாலும் இல்லை, ஆறும் இல்லை!"

வேனே சிரித்தது. ஏழாவது படிக்கும் அவள் பேரனோ, "ஆறு என்றால் காங்கோதான் பாட்டி!" என்று பூகோளப் பாடத்தை அவிழ்த்துவிட்டான்.

பையன் சொன்னது நிஜந்தான். மத்திய ஆப்பிரிக்காவின் அந்த நதிக்கு நீளம் சுமார் 4,700 கிலோமீட்டர். விநாடிக்கு ஏறக்குறைய 40,000 கன மீட்டர் ஜலத்தைக் கடலில் கொட்டுகிறது. இதில் அமேசானுக்கு அடுத்தது அதுதான். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடப்பதால், ஒரு பக்கம் மழை ஓய்ந்தால் மறு பக்கம் பெய்யும். வற்றுவதற்கு அவகாசமே கிடையாது. கொடுத்து வைத்த நதி!

நம் பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் நடந்து, வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. வெள்ளம் அதற்கு எப்போதோ வரும் விருந்தாளி. 2021 நவம்பரில் இரு கரையும் புரள வந்தது. மற்ற நாளெல்லாம் மணல்.

ஆனால், மாமி அன்று விடியற்காலை எங்களுக்குக் கலந்து கொடுத்த காப்பி, அந்த 'இல்லாத' ஆற்று ஜலத்தில் போட்டதுதான்! வெள்ளம் வரும்போது மணல் பருக்கைகளின் இடுக்கில் ஜலம் இறங்கித் தங்கிவிடுகிறது. மேல் மணலே மூடி. வெயில் எளிதில் அதைக் குடித்துவிட முடியாது. ஆற்றுக்குள் கிணறு இறக்கி, குழாய் வழியே தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் அனுப்புகிறார்கள். கல்பாக்கத்துக்கும் இதே ஜலந்தான். (மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய நம் பாட்டிகள் எந்த எஞ்சினீயரையும் கேட்கவில்லை.)

அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிப் பட்டணத்தில் வீடு கட்டினோம். பானையை விற்றுவிட்டுத் தண்ணீருக்கு அலைவது வேறென்ன? மணல் போனால் அடுத்த வெள்ளம் தங்க இடமில்லை. கடலோரத்தில் உப்பு ஜலம் வேறு உள்ளே புகுகிறது. அதைத் தடுக்கத்தான் 2019-ல் வயலூரில் தடுப்பணை கட்டினார்கள்.

இவ்வளவையும் நான் சொன்னபோது மாமி, "மண்ணுக்குள்ளிருந்தா என் காப்பி?" என்று மூக்கைச் சுளித்தாள். பிறகு வேடந்தாங்கல் வந்துவிட்டது. மரம் மரமாக நாரைகள், வாயைப் பிளந்த குஞ்சுகள். பாலாறு மறந்தே போயிற்று.

சாயங்காலம் திரும்பும்போது மறுபடி அதே பாலம். பேரன் காலிப் பிஸ்கோத்துப் பொட்டலத்தை ஜன்னல் வழியே எறியக் கையை நீட்டினான்.

மாமி வெடுக்கென்று பிடித்துக்கொண்டாள். "ஜலத்திலே போடாதேடா!"