தொகுப்பும் தொகையும்

தமிழில் ‘தொகை’ என்னும் சொல் இருபொருள் தருவது. திரட்டி வைத்ததும் தொகை. எண்ணிக் கொடுக்கும் பணமும் தொகை. கேபிள் தொலைக்காட்சியின் மாதக் கட்டணத்தை நோக்குங்கால் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம். இரண்டே சேனல்களை விரும்பும் ஒருவர் இருபதுக்கு விலை கொடுக்கிறார். கால் கிலோ கத்தரிக்காய் போதும் என்று சந்தையில் கேட்கலாம். கேபிள்காரரிடம் அவ்வாறு கேட்பது அரிதாகிப் போனது ஏன்?

இவ்வினா கூர்மையாக எழும் இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. பின்னர் ஒரகடத்தில் ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு முதலான ஆலைகள் எழுந்தன. நெல்லை, தருமபுரி மாவட்டத்தாரும் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்தாரும் இன்று அங்கே ஒரே தெருவின் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். நம் கல்லூரியில் பயின்ற பிள்ளைகள் சிலரும் அவர்களுள் உளர். அறை ஒன்று, பெட்டி ஒன்று, விருப்பமோ ஆளுக்கொன்று.

தொடக்கத்தில் தொகுப்பு என்பது யாரும் திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சியன்று. 1990களில் தெருவெங்கும் ஓடிய கம்பியில் எல்லாச் சேனல்களும் ஒருசேரவே வந்தன. தனியொரு வீட்டிற்குத் தனியொரு சேனலை மட்டும் நிறுத்திவைக்க நடைமுறையில் வழியில்லை. செட்டாப் பெட்டி வந்தபோதே அவ்வழி பிறந்தது. சென்னையில் 2003 செப்டம்பர் முதல் நாள் அம்முறை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கம்பியின் கட்டு அவிழ்ந்த பின்னும் விலையின் கட்டு அவிழவில்லை.

இதன் காரணத்தைத் திரைப்பட வணிகத்தைக் கொண்டு விளக்கியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்டிக்லர். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு நல்ல படத்தோடு நலிந்த படத்தையும் சேர்த்துத் தலையில் கட்டியது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஒட்டி 1963இல் அவர் எழுதிய கருத்தை ஒரகடத்து அறைக்குக் கொண்டுவருவோம். நெல்லை இளைஞர் ஒருவர் திரைப்படச் சேனலுக்கு 18 ரூபாயும் விளையாட்டுச் சேனலுக்கு 8 ரூபாயும் தர மனமுடையவர். அவர்தம் தோழர் இதற்கு நேர்மாறானவர் என்று வைத்துக்கொள்வோம். சேனலுக்கு 18 என்று தனித்தனியே விற்றால் ஆளுக்கு ஒன்றே விற்கும், வரவு 36. ஒவ்வொன்றும் 8 என்றால் நான்கும் விற்று 32. இரண்டையும் கட்டி 26க்கு விற்றாலோ இருவரும் வாங்குவர், வரவு 52. இன்னொரு வீட்டிற்குக் காட்டுவதால் சேனலுக்குப் புதுச் செலவு ஏதுமில்லை. எனவே விற்பவர்க்கு ஆதாயம். இருவரும் இரண்டையும் காண்கின்றனர். இதனை மோசடி என்று நாம் கூறமாட்டோம்.

தொகுப்பை முற்றாகப் பழிக்கத் தமிழ் ஆசிரியர்க்கு வாயும் இல்லை! தொகுத்தோர் இல்லையேல் குறுந்தொகையின் தனிப்பாடல்களுள் எத்தனை நம் கைக்கு எட்டியிருக்கும்? தனியே விலைபோகாத சிறு சேனலும் பெரியதன் தோளில் ஏறியே உயிர்வாழ்கிறது.

இடர் மூன்றாமவரிடம் தொடங்குகிறது. ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்க்குத் தமிழ்ப்படம் வேண்டா. விளையாட்டுக்கு 15 ரூபாய் தருவார். தனிவிலையை 15 ஆக்கினால் அவர் வாங்குவார். ஆனால் அதே விலைக்கு இரண்டாமவரும் தொகுப்பைக் கைவிட்டு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டாமவரைப் போன்றோர் பலர், ஒடிசாக்காரரைப் போன்றோர் சிலர். ஆகவே தனிவிலை 19 என்று உயரத்தில் நிறுத்தப்படுகிறது. அது விற்பதற்கு வைத்த விலையன்று. தொகுப்பை மலிவாகக் காட்டுவதற்கு வைத்த விலை. நம் கண்டனம் இதன்மீதே.

19 என்பதை நாம் கற்பனையாகக் கூறவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் ஆணையத்தின் விதிப்படி ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனியே விற்றாக வேண்டும். தொகுப்பில் இடம்பெறும் சேனலின் தனிவிலையோ 19 ரூபாயைத் தாண்டலாகாது. முன்னணிச் சேனல்கள் பல அந்த 19இலேயே போய் நின்றன. தொகுப்புகளுக்கு 70 விழுக்காடு வரை தள்ளுபடி தரப்பட்டதை அவ்வாண்டே ஆணையம் சுட்டிக்காட்டியது. 15 விழுக்காட்டிற்கு மேல் தள்ளுபடி கூடாதென அது முன்பு விதித்திருந்த வரம்பு 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் செல்லாமற்போயிருந்தது. 2022 நவம்பரில் 45 விழுக்காடு என்னும் வரம்பு வந்தது.

மேற்சொன்ன கணக்கில் இரு தனிவிலைகளும் சேர்ந்து 38, தொகுப்பு 26, தள்ளுபடி ஏறத்தாழ 32 விழுக்காடு. புதிய வரம்பின்படி இது குற்றமற்றது. பழைய 15 விழுக்காடு நின்றிருக்குமாயின் தனிவிலைகளின் கூட்டு 31ஐ எட்டியிராது. சேனல் ஒன்று 15 ரூபாயை ஒட்டி வந்திருக்கும். தொகுப்பின் விலையை ஏற்றிவிடுவார்களே என்பர் சிலர். 26க்கு மேல் தர அவ்விருவரும் ஒப்பார் என்பதே நம் விடை.

மற்றொன்றும் உண்டு. 2019இல் 100 சேனல்கள் வரைக்குமான இணைப்புக் கட்டணமே, 18 விழுக்காடு வரியுடன், 153 ரூபாய் 40 காசு வரை சென்றது. 19 ரூபாய்ச் சேனல் ஒன்றை மட்டும் கேட்பவரும் அதனைச் செலுத்தியாக வேண்டும். அக்கட்டணத்தின் உச்சவரம்பும் 2024 ஜூலையில் நீக்கப்பட்டது. அறையை வாடகைக்கு விடுபவரே இணைப்பையும் தெரிவு செய்யுமிடத்தில் தொழிலாளர்க்கு இக்கணக்கு எதுவும் கண்ணில் படுவதேயில்லை.

கைப்பேசித் துறையில் இதே ஆணையம் சற்றுத் துணிந்தது. இணையம் வேண்டாதவர்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்தைத் தனியே தர வேண்டுமென 2024 டிசம்பரில் விதித்தது. கேபிளிலும் அவ்வாறு தள்ளுபடி வரம்பை 15க்கு இறக்குவதும், தனிவிலைப் பட்டியலைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு வாடகை விடுதிகளின் வாயிலில் ஒட்டச் செய்வதும் ஆணையத்தால் இயலும் என்றே எண்ணுகிறோம். இரண்டாவதற்கு நீதிமன்றம் செல்லவும் தேவையில்லை; ஒரு குவளைப் பசை போதும்.