ஆலை திவால் என்றால் கரும்புப் பணமும் திவாலா?



பாக்கி தராத ஆலை மேல் சிவில் கேஸ் போட்டுவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம். திடீரென ஆலையின் திவால் மனுவைக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்றால்? 2016 திவால் சட்டம் 14-வது பிரிவுப்படி நம் கேஸ் அப்படியே நிற்கும்; புதுசும் போட முடியாது.

"அதான் கேஸ் இருக்கே" என்று சும்மா இருந்தால் மோசம் போவோம். தீர்வு அதிகாரி அறிவிக்கும் கெடுவுக்குள் எடைச்சீட்டோடு பாக்கியைப் பதிய வேண்டும். ஏற்கப்பட்ட திட்டத்தில் சேராத பாக்கி செல்லாது என்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. பதிந்தாலும் வங்கிக்கு முதல் பந்தி, நமக்குக் கடைசிப் பந்தி.

ஒரு வழி உண்டு. தடை கம்பெனிக்குத்தான். திரும்பி வந்த செக்கில் கையெழுத்துப் போட்ட இயக்குநர் மேல் செக் கேஸ் நடக்கும்.

தஞ்சை திருமண்டங்குடி திருஆரூரான் ஆலை திவாலாகிக் கை மாறியது. பாக்கியும், தங்கள் பேரில் வாங்கிய வங்கிக் கடனும் தீரவில்லை என்று 2022 நவம்பரில் ஆலை முன் உட்கார்ந்த விவசாயிகள் மாதக்கணக்கில் எழவில்லை. தனியார் ஆலைக்கும் மாங்கூழ் கம்பெனிக்கும் சரக்கு ஏற்றும் தருமபுரிக்காரர்களான நமக்கும் நாளைக்கு இதே கதிதான்.

திவால் சட்டத்தில் தொழிலாளி கூலிக்கு முன்னுரிமை உண்டு. கரும்புப் பணமும் நம் கூலிதானே?

மத்திய அரசே! விளைபொருள் பாக்கிக்கும் அதே முன்னுரிமை கொடு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!