மோல்டு கழுவ தின்னர் எதுக்குங்க?

ரெசின்ல கம்மல், டாலர், சாவிக்கொத்து செய்யறவங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. மோல்டு கொஞ்சம் அழுக்கானா போதும், தின்னர் பாட்டிலைத் தூக்கிடறாங்க. இல்லன்னா அசிட்டோன். ஊத்தித் தேய்ச்சு, கழுவினதை அப்படியே சாக்கடைக்கு அனுப்பிடறது. மண்ணரைச் சாக்கடை எந்த ஆத்துக்குப் போகும்னு தனியா சொல்லணுமா?

முதல்ல மோல்டுக்கே இது கேடு. சிலிக்கான்ல எபாக்ஸி ரெசின் ஒட்டாது. அதனால தானே அதுல மோல்டே செய்யறாங்க? அப்புறம் எதைக் கரைக்க தின்னர்? அதுல இருக்கற டொலுவீன் மாதிரி சமாச்சாரத்தை சிலிக்கான் உறிஞ்சி உப்பிக்கும். நாளடைவில நகை கழண்டு வராது, மோல்டு கிழியும். பி.காம் பாஷையில சொன்னா, சொத்தை நாமளே தேய்ச்சுட்டு தேய்மானம் எழுதற கதை. ஊசியால சுரண்டறது இன்னும் மோசம். ஒரு கீறல் விழுந்தா அடுத்து ஊத்தற ஒவ்வொரு கம்மல்லயும் அது அச்சா வரும்.

தூசி, துணுக்கு எல்லாம் செலோடேப் ஒட்டி எடுத்தாலே வந்துடும். பிசுக்கு இருந்தா வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டும் போதும். (சும்மா கிடைக்குதேன்னு பனியன் வேஸ்ட்டால துடைக்காதீங்க, பஞ்சு ஒட்டும்!) நல்லா காயணும், ஈரம் இருந்தா ரெசின் மங்கிடும். அப்புறம் வெயில் படாம தட்டையா வைங்க.

கலந்து மிஞ்சின ரெசினை கப்புலயே விட்டா இறுகிடும், உரிச்சுக் குப்பையில போடலாம். இறுகாத ரெசின் பட்ட கையை தின்னர்ல கழுவறாங்க பாருங்க, அது வம்பை விலைக்கு வாங்கறது. எபாக்ஸி அலர்ஜி ஒரு தடவை வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. கையுறை போட்டா என்ன?

"ஒரு மூடி தின்னர் தானே?"

திருப்பூருக்கு இந்த வசனம் புதுசா? சாயப்பட்டறைகளும் "எங்க ஒரு பட்டறை தானே"ன்னு தான் கணக்கு போட்டாங்க. பாசனத்துக்காக 1992ல நொய்யல் குறுக்கே கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியாச்சு. கீழ்ப்பக்க விவசாயிங்களோட நிலமும் கிணறும் கெட்டுச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னப்ப ஊரே ஸ்தம்பிச்சுது. அந்த சாயத்தண்ணி எங்கே, கம்மல் மோல்டு கழுவற தண்ணி எங்கேன்னு சண்டைக்கு வரலாம். அளவுல ரெண்டும் ஒண்ணில்லை தான். ஆனா பட்டறைக்காரருக்கு சாயம் இல்லாம தொழிலே இல்ல. இவங்களுக்கு அந்த தின்னர் தேவையே இல்லையே!