‘நம்பிக்கையான பெட்டிங் ஆப் எது டாக்டர்?’

“டாக்டரய்யா, பையன் கிரிக்கெட்ல பணம் கட்டுறான். சொன்னா கேட்க மாட்டேங்கான். சரி, கட்டுறதுதான் கட்டுறான்... கவர்மென்ட் அனுமதி உள்ள, ஏமாத்தாத ஆப் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. அளவோட ஆடிக்கிடட்டும்!”

மூட்டுவலித் தைலம் வாங்க வருகிற பெற்றோர் இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள். ‘சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது?’ என்று சிரித்துவிடாதீர்கள். பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்றால் அது வைத்தியனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு ஆப் தமிழ்நாட்டில் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது!

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசின் 2022-ம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன்படி பந்தயம் நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டுக்கும் விலக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் மேட்ச் மீது பந்தயம் கட்டுவதற்கு எந்த விலக்கும் தரவில்லை.

அடுத்து, 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு திறமையோ, அதிர்ஷ்டமோ, எதுவானாலும் கூடாது என்கிறது அது. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ‘ட்ரீம் லெவன்’ நிறுவனமே பணம் கட்டி ஆடும் போட்டிகளை அதோடு நிறுத்திக்கொண்டது.

‘லைசென்ஸ் இருக்குன்னு போட்டிருக்கே?’ என்பீர்கள். எங்கோ கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவில் வாங்கிய லைசென்ஸ் கோவில்பட்டியில் செல்லுபடி ஆகாது. ஜெயித்த பணத்தை அவன் தர மறுத்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? போதாததற்கு, பணம் கட்டச் சொல்லி அவன் கொடுப்பது யாரோ ஒரு அப்பாவியின் வங்கிக் கணக்காக இருக்கும். நாளைக்கு சைபர் கிரைம் போலீஸ் அந்தக் கணக்கைத் தோண்டினால், உங்கள் பிள்ளையின் சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கலாம்.

‘அளவோட ஆடினா?’

மருந்துக்கு அளவு உண்டு. குன்றிமணி எடை, வெருகடி அளவு என்று எங்கள் வைத்தியத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பந்தயத்துக்கு அந்த அளவை யார் வைப்பது?

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். டாஸ் யார் ஜெயிப்பார்? இரண்டு பக்கமும் சம வாய்ப்பு. ஒருவர் இந்தப் பக்கம் 100 ரூபாய், இன்னொருவர் அந்தப் பக்கம் 100 ரூபாய் கட்டுகிறார்கள். ஜெயித்தவருக்குக் கிடைப்பது 190 ரூபாய்தான் என்று வையுங்கள். மீதி 10 ரூபாய் நடத்துகிறவனுக்கு. யார் ஜெயித்தாலும் அவனுக்கு அது நிச்சயம்! அதாவது 100-க்கு 5 ரூபாய் கழிவு. கையில் இருக்கும் 1,000 ரூபாயை இப்படி 20 தடவை சுழற்றினால், சராசரியாக மிஞ்சுவது சுமார் 360 ரூபாய். இதில் ஏமாற்றே இல்லை. ‘நேர்மையான’ ஆட்டத்தின் கணக்கே இதுதான்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதற்கு முன் எத்தனை குடும்பம் சீரழிந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த லாட்டரிக்கும் கடை வரைக்கும் நடக்க வேண்டும், ராத்திரி கடையைப் பூட்டிவிடுவார்கள். இன்றைக்குக் கடை தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் கட்டலாம் என்றால், அளவு எங்கே நிற்கும்?

பந்தயத்தைச் சட்டப்படி அனுமதித்திருக்கும் பிரிட்டனிலேயே 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பணம் கட்டத் தடை போட்டார்கள். ‘பொறுப்பாக ஆடுங்கள்’ என்று சொல்லிப் பார்த்த நாட்டின் கதை இது!

‘வெள்ளாமையும் சூதாட்டம்தானே?’

இப்படியும் ஒரு இளைஞர் மடக்குகிறார். நம் கரிசல் காடு வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். மழை பொய்த்தால் உளுந்தும் போச்சு, பாசியும் போச்சு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சம்சாரி ஒரே விதையை நம்பி நிற்பதில்லை. மக்காச்சோளம் ஒரு பக்கம், பருத்தி ஒரு பக்கம், வீட்டில் ரெண்டு ஆடு, தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் மனைவியின் கூலி என்று நஷ்டத்தைப் பங்கு போட்டு வைக்கிறான். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அதே ராத்திரி மறுபடி விதைப்பதும் இல்லை. அந்த ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்கிற வெறி எங்கே வருகிறதோ, அங்கே நோய் தொடங்குகிறது.

நோய் என்றா சொன்னீர்கள்?

ஆமாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்ட அடிமைத்தனமும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் இதை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே வரிசையில் வைத்தார்கள். இன்று நாம் படிக்கும் திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-வது அதிகாரம், சூது 94, மருந்து 95. கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில் சூது! எனக்கு அது சரியான இடமாகத்தான் படுகிறது.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத 14 வேகங்கள் என்று உண்டு. பசி, தாகம், தூக்கம் மூன்றும் அதில் அடக்கம். பந்தயத்தில் விழுந்தவன் இந்த மூன்றையும் அடக்குகிறான். தலைக்கனம், கண் சிவப்பு, வயிற்றெரிச்சல் எல்லாம் பின்னாலேயே வரும். அவற்றுக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. ஆனால் பந்தய ஆசையை அறுக்கச் சூரணமோ லேகியமோ என்னிடம் இல்லை. ‘ரகசியமாகச் சோற்றில் கலந்து கொடுங்கள், சூதாட்டம் மறந்துவிடும்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்!

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வையுங்கள். ஒன்றை மறைத்தாலும் அதை அடைக்க மறுபடி பந்தயம்தான்.

* நகையை அடகு வைத்து, மொத்தப் பணத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவரிடம் நீங்களே நேரில் போய்த் தவணையாகக் கட்டுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். அதைத் தடுக்கும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. போலீஸில் புகார் கொடுங்கள்.

* ஆப்பை அழித்தால் மட்டும் போதாது. ‘டிப்ஸ்’ தரும் குரூப்களிலிருந்து வெளியே வர வேண்டும். வங்கியில் சொல்லி யுபிஐ-யின் தினசரி வரம்பைக் குறையுங்கள். கொஞ்ச காலத்துக்கு வரவுசெலவு வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

* ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்தில் இருக்கட்டும். அப்பாவின் போனும்தான்!

* கூச்சப்படாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்க்கலாம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

* ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பருத்திக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், முதல் வேலையாக அதை அப்புறப்படுத்துங்கள்.

‘எந்த ஆப் நல்லது?’ என்று கேட்கிற பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்வியிலேயே பாதி சம்மதம் இருக்கிறது. பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொள்கிறான். அதற்குப் பதிலாக, ‘எவ்வளவு போச்சு தம்பி? மறைக்காமச் சொல்லு, சேர்ந்து அடைப்போம்’ என்று கேட்டுப் பாருங்கள். வைத்தியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.